மீடியம் ஃபார்மட் வாங்கலாமா? ஆட்டோஃபோகஸ் பற்றி காட்பாடி ஸ்டுடியோக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். காட்பாடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார். வருமானத்தில் பாதி கல்யாணத்திலிருந்து வருகிறது, மீதி ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு கேட்டலாக் எடுப்பதிலிருந்து வருகிறது. கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. மீடியம் ஃபார்மட் என்பது அதைவிடப் பெரிய சென்சார் வைத்த வகை. "மீடியம் ஃபார்மட்டில் ஃபோகஸ் ஆமை வேகம் என்று சொல்லித்தான் இத்தனை நாள் ஒதுங்கியிருந்தேன். இப்போது ஆட்டோஃபோகஸும் லென்ஸும் தேறிவிட்டன என்கிறார்கள். எவ்வளவு நம்பலாம், எதை வாங்கலாம்?"

ஷூவுக்கு வாங்கலாம். ஸ்டுடியோ போர்ட்ரெய்ட்டுக்கும் தாராளமாக வாங்கலாம். முகூர்த்தத்துக்கு இருக்கிற கேமராவையே வைத்துக்கொள்ளுங்கள். தேறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் தேறியது பெரும்பாலும் துல்லியம். வேகம் எவ்வளவு கிடைக்கும் என்பதை பாடியைவிட, அதாவது லென்ஸ் மாட்டாத வெறும் கேமராவைவிட, நீங்கள் மாட்டும் லென்ஸ்தான் தீர்மானிக்கிறது. கடைக்காரர் பாடியைப் பற்றியே பேசுவார் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், பெரிய சென்சார் ஃபோகஸை என்ன பாடு படுத்துகிறது என்று பார்ப்போம். இன்று பரவலாகக் கிடைக்கும் மீடியம் ஃபார்மட் சென்சார் சுமார் 44க்கு 33 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. ஃபியூஜியின் 110 மி.மீ. எஃப் 2 லென்ஸை இதில் மாட்டினால் ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. எஃப் 1.6 போட்டது போன்ற படம் வரும். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது, பின்னணி மங்கலும் அதிகம். ஆக, பின்னணி மங்கலுக்காக மட்டும் மீடியம் ஃபார்மட் தேடுபவர்களுக்கு ஒரு 85 எஃப் 1.4 லென்ஸே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடும். 'மீடியம் ஃபார்மட் லுக்' என்று இன்ஸ்டாகிராமில் ஓடும் பேச்சில் பாதியை இந்த இடத்திலேயே தள்ளிவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மணப்பெண் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார், 110 மி.மீ. லென்ஸ், எஃப் 2. பழைய பிரிண்ட் காலத்து அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 28 மி.மீ. அது பரவாயில்லை. ஆனால் 100 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான்தான். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆள் நீங்கள் என்றால், இரண்டு பிக்சலுக்கு மேல் மங்கல் கூடாது என்று வைத்துக்கொண்டால், அதே ஆழம் ஐந்தரை மி.மீ. ஆகிவிடும். இமை முடியில் ஃபோகஸ் விழுந்தால் கருவிழி கொஞ்சம் சோர்ந்து தெரியும். நெற்றிச்சுட்டியில் விழுந்தால் கண் போயே போச்சு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பழைய கேமராக்களைப் பார்த்தால், அந்தக் காலத்து ஆட்கள் ஏன் அவ்வளவு புலம்பினார்கள் என்பது புரியும். ஆட்டோஃபோகஸ் உள்ள மீடியம் ஃபார்மட் எஸ்எல்ஆர் என்று முதலில் வந்தது 1997இல் பென்டாக்ஸ் 645என். 1999இல் மாமியாவும் கான்டாக்ஸும் தங்கள் 645 கேமராக்களில் கொண்டுவந்தன. ஹாசல்பிளாட் 2002இல் எச்1 கேமராவோடு வந்தது. எல்லாமே லென்ஸுக்குப் பின்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி (மிரர்) வைத்த கேமராக்கள். ஒளியில் ஒரு பங்கு கண்ணாடிக்குக் கீழே போய், தனியாக இருக்கும் ஒரு ஃபோகஸ் சென்சாரில் விழும். படம் பதிவாவது ஓர் இடத்தில், ஃபோகஸ் அளப்பது இன்னோர் இடத்தில். இரண்டு பாதைகளின் நீளமும் நூலளவு மாறினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ போய்விடும். ஃபிலிமில் அந்தப் பிசகு தெரியவில்லை. ஃபிலிம் இருந்த இடத்தில் மாட்டும் டிஜிட்டல் பேக் வந்து 40, 50 மெகாபிக்சல் ஆனதும் அப்பட்டமாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை, ஹாசல்பிளாட் எச் வரிசையில் ஃபோகஸ் புள்ளி நடுவில் ஒன்றே ஒன்றுதான். பென்டாக்ஸ் 645இசட் 2014இல் 27 புள்ளிகளோடு வந்தது, ஆனால் அவையும் படத்தின் நடுவிலேயே கூட்டமாக நின்றன. அப்போது என்ன செய்வோம்? நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் பிடித்து, அப்புறம் கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைப்போம். மேலே சொன்ன ஒன்றரை மீட்டர் படத்திலேயே கேமராவை வெறும் 8 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். கையில் இருப்பது ஐந்தரை மி.மீ. ஆழம். போட்டோகிராபரின் கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த ஜியோமெட்ரியிலிருந்து தப்ப முடியாது.

ஹாசல்பிளாட்காரர்கள் இதற்கு 2009இல் எச்4டியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ட்ரூ ஃபோகஸ் என்று பெயர். கேமராவுக்குள் ஒரு சுழற்சி உணரி இருக்கும். ஃபோகஸ் பிடித்த பிறகு நீங்கள் எத்தனை டிகிரி திருப்பினீர்கள் என்று அது அளந்து, லென்ஸை அதற்கேற்ப முன்னால் நகர்த்திவிடும். புள்ளிகளைக் கூட்ட முடியாதபோது கணக்கால் சமாளித்த கெட்டிக்காரத்தனம். இன்றைய மிரர்லெஸ் காலத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, எனக்கு மட்டும் இன்னும் அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. ஃபேஸ் ஒன் தன் பங்குக்கு 2015இல் எக்ஸ்எஃப் பாடியில் ஹனிபீ என்ற சொந்த ஃபோகஸ் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று 53.4க்கு 40 மி.மீ. சென்சாரும் 151 மெகாபிக்சலும் உள்ள ஐக்யூ4 அவர்களுடையது. 2018இல் வந்தது. உங்கள் கேள்விக்கு அது தேவையில்லாத உயரம், விட்டுவிடுவோம்.

கண்ணாடியைத் தூக்கி எறிந்ததுதான் முதல் திருப்பம். 2016இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, 2017 தொடக்கத்தில் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ். இரண்டிலும் ஃபோகஸ் அளப்பது படம் பதியும் அதே சென்சார். பாதை வேறுபாடு என்ற பிரச்சினையே ஒழிந்தது, புள்ளியை ஏறக்குறைய எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆனால் அளக்கும் முறை கான்ட்ராஸ்ட் முறை. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்திப் பார், கூர்மை கூடுகிறதா, இன்னும் நகர்த்து, குறைகிறதா, திரும்பி வா. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் திருகைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது போலத்தான். வந்து நின்றால் அச்சாக நிற்கும். நிற்பதற்குள் மாப்பிள்ளை திரும்பிவிடுவார். ஆமை வேகம் என்று நீங்கள் கேள்விப்பட்டது இந்தத் தலைமுறையைத்தான். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பவையும் இவைதான். 2021இல் வந்த 50எஸ் இரண்டாம் பதிப்புகூட கான்ட்ராஸ்ட் முறைதான், ஆகவே வருஷத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இரண்டாவது திருப்பம் 2019, ஜிஎஃப்எக்ஸ் 100. சென்சாரின் மேலேயே ஃபேஸ் (phase; முகம் என்ற face அல்ல) டிடெக்‌ஷன் பிக்சல்களைப் பதித்தார்கள், மொத்தம் 37.6 லட்சம், ஏறக்குறைய முழு ஃப்ரேமிலும். இந்தப் பிக்சல்களில் சில லென்ஸின் இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் பார்க்கும், சில வலப்பக்கத்து ஒளியை மட்டும். இரண்டு பக்கமும் காட்டும் பிம்பம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஒரே அளவையில் தெரிந்துவிடும். தேடி அலைய வேண்டியதில்லை. கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் வசதி மீடியம் ஃபார்மட்டில் உருப்படியானது இதற்குப் பிறகுதான். 2021இல் 100எஸ், 2023இல் 100 இரண்டாம் பதிப்பு, 2024இல் 100எஸ் இரண்டாம் பதிப்பு என்று வரிசையாக வந்தன. கடைசி இரண்டிலும் பறவை, விலங்கு, வண்டி, ரயில் என்று பொருளை அடையாளம் காணும் வசதியும் உண்டு. அறிமுகத்தின்போது அமெரிக்க விலை 2019இல் 9,999 டாலர், 100எஸ் 5,999, 100எஸ் இரண்டாம் பதிப்பு 4,999. நம் ஊர் விலை வரி சேர்ந்து வேறு கணக்கு, ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறதல்லவா.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, விளம்பரத்தில் வராது. பிக்சல்கள் இடது வலது என்று பிரிந்திருப்பதால் செங்குத்தான கோடுகளை நன்றாகப் பிடிக்கும், படுக்கைவசக் கோடு மட்டும் இருந்தால் தடுமாறும். ஆரணிப் பட்டுப் புடவையை மடித்து வைத்து எடுத்துப் பாருங்கள். ஜரிகைக் கரை ஃப்ரேமில் படுக்கையாக ஓடினால் ஃபோகஸ் முன்னும் பின்னும் போய் வரும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் பூட்டிவிட்டு நிமிர்த்தினால் சரியாகிவிடும், அல்லது ஜரிகைப் பூ வேலையின் மேல் புள்ளியை வையுங்கள். பட்டு என்றதும் இன்னொன்று. இந்த 100 மெகாபிக்சல் சென்சார்களில், நுண்ணிய கோடுகளைச் சற்றே மங்கலாக்கும் லோ பாஸ் ஃபில்டர் கிடையாது. ஃபோகஸ் அச்சாக விழுந்த நெசவில் வானவில் போல மாயிரே ஓடும். ஃபோகஸ் நன்றாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் அபராதம் அது.

இனி லென்ஸ். இங்கேதான் காசு போகும், இங்கேதான் கவனமும் வேண்டும்.

ஃபோகஸ் செய்வது என்றால் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளில் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ மோட்டார் நகர்த்த வேண்டும். பெரிய சென்சாரை மூட வேண்டியிருப்பதால் மீடியம் ஃபார்மட்டில் அந்தக் கண்ணாடிகள் கனமானவை. ஓடத் தொடங்குவதற்கும் சரியான இடத்தில் நிற்பதற்கும் நேரம் எடுக்கும். சென்சார் எவ்வளவு சீக்கிரம் கணக்குச் சொன்னாலும் கண்ணாடி வந்து சேர வேண்டுமே. ஃபியூஜியின் 63 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 405 கிராம்தான், சின்னது, படம் அருமை, ஆனால் ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடித் தொகுதி முன்னால் நீண்டு வரும் பழைய வடிவமைப்பு, டிசி மோட்டார். 110 எஃப் 2 ஒரு கிலோ கனம், ஆனாலும் உள்ளே இருக்கும் ஒரு பகுதியை மட்டும், சுழலாமல் நேர்கோட்டில் தள்ளும் லீனியர் மோட்டார் நகர்த்துவதால் 63ஐவிடச் சுறுசுறுப்பு. எடை அதிகமான லென்ஸ் மெதுவாக இருக்கும் என்ற நினைப்பை இது உடைத்துவிடும். உள்ளே எது நகர்கிறது, எந்த மோட்டார் நகர்த்துகிறது, இந்த இரண்டும்தான் விஷயம்.

ஃபியூஜி லென்ஸில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெயரில் 'எல்எம்' என்று இருந்தால் லீனியர் மோட்டார். 110, 120 மேக்ரோ, 50 எஃப் 3.5, 250, 32-64, 45-100, 100-200 எல்லாவற்றிலும் இருக்கிறது. 63, 45, 30, அப்புறம் எல்லாரும் ஆசைப்படும் 80 எஃப் 1.7, 55 எஃப் 1.7 ஆகியவற்றில் இல்லை. 80 எஃப் 1.7 லென்ஸின் படத்தைப் பார்த்தால் வாங்காமல் இருக்க மனசு வராது. நின்றுகொண்டிருக்கும் ஆளுக்கு அது போதும், கண்ணைச் சரியாகப் பிடிக்கும். நடந்து வரும் ஆளுக்கு வேண்டாம். 100 இரண்டாம் பதிப்பு போன்ற வேகமான பாடியில் இதை மாட்டிவிட்டு, 'இவ்வளவு காசு கொடுத்தும் ஃபோகஸ் மெதுவாக இருக்கிறதே' என்று குறைபட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடிமேல் தப்பில்லை.

ஹாசல்பிளாட் பக்கம் இதே கதை இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய எக்ஸ்சிடி லென்ஸ்கள், குறிப்பாக 80 எஃப் 1.9, ஒரு கிலோவுக்கு மேல் கனம், நிதானமோ நிதானம். 2022இல் எக்ஸ்2டி வந்தபோது கூடவே 38, 55, 90 என்று 'வி' வரிசையில் மூன்று லென்ஸ், மூன்றும் எஃப் 2.5. நகர வேண்டிய கண்ணாடியை இலேசாக்கி ஸ்டெப்பிங் மோட்டார் வைத்தார்கள். ஹாசல்பிளாட்டில் ஷட்டரும் லென்ஸுக்குள்தான் இருக்கிறது. முன்பு 2000இல் ஒரு பங்கு வினாடி வரை போன லீஃப் ஷட்டர் இந்த வரிசையில் 4000இல் ஒரு பங்கு வரை போகிறது, ஃபிளாஷும் அந்த வேகம் வரை ஒத்துழைக்கும். வேலூர்க் கோட்டை அகழி ஓரத்தில் பதினோரு மணி வெயிலில் ஜோடியை நிறுத்தி, எஃப் 2.5இல் பின்னணியை மங்கலாக்கி, ஃபிளாஷும் அடிக்க வேண்டும் என்றால் இதற்கு ஈடு கிடையாது. ஃபியூஜியில் ஃபிளாஷ் ஒத்திசைவு 125இல் ஒரு பங்குதான். அதற்கு மேல், ஃபிளாஷ் துடித்துத் துடித்து எரியும் ஹை ஸ்பீட் சிங்க் போக வேண்டும், ஃபிளாஷின் பலத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும்.

ஆனால் அந்த முதல் எக்ஸ்2டியில் 294 ஃபேஸ் டிடெக்‌ஷன் பகுதிகள் இருந்தும் தொடர் ஃபோகஸ் இல்லை. ஒரு முறை பிடித்து நிறுத்துவதோடு சரி. முகம் கண்டறிவதே பிறகு ஃபர்ம்வேர் என்ற கேமரா மென்பொருளின் புதுப்பிப்பில்தான் வந்தது. 2025 ஆகஸ்டில் வந்த எக்ஸ்2டி இரண்டாம் பதிப்பில்தான் தொடர் ஃபோகஸ் சேர்ந்தது. பகுதிகள் 425 ஆயின. கூடவே லைடார் வைத்தார்கள், லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கான்ட்ராஸ்டே இல்லாத இடத்திலும் முகம் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடுவதால் லென்ஸ் கண்டபடி ஓடாது. நல்ல யோசனை. ஆனால் பழைய எக்ஸ்சிடி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் வாங்கி இதில் மாட்டப் போகிறீர்கள் என்றால், அந்த லென்ஸில் தொடர் ஃபோகஸ் வேலை செய்யுமா என்று கம்பெனியின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் ஷூ வேலைக்கு வருவோம். மீடியம் ஃபார்மட் காசை மீட்டுக் கொடுக்கும் இடம் நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் இதுதான் என்பது என் கருத்து. ஏற்றுமதிக்காரர்கள் தோலின் துளையையும் தையலின் இழையையும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். ஒரே படத்திலிருந்து முழு ஷூவையும் வெட்டலாம், பக்கிள் மட்டும் தனியாகவும் வெட்டலாம்.

இங்கே ஃபோகஸ் வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஆழம்தான் பிரச்சினை. ஃப்ரேமின் அகலத்தில் 35 சென்டிமீட்டர் வருகிற மாதிரி ஷூவை வைத்தால், எஃப் 8இல், இரண்டு பிக்சல் அளவுகோலில் கூர்மையான ஆழம் ஒன்பது மி.மீ.க்குள். முக்கால் கோணத்தில் திரும்பி நிற்கும் ஷூவின் மூக்கிலிருந்து குதிகால் வரை ஆழம் இருபது சென்டிமீட்டர் இருக்கும். எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் திறப்பில் ஒளி பரவுவதால் வரும் டிஃப்ராக்‌ஷனில் மொத்தப் படமும் சோர்ந்துவிடும், 100 மெகாபிக்சல் வாங்கியதே வீண். அதனால் ஃபோகஸ் பிராக்கெட்டிங், அதாவது ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்குவது. மூக்கில் ஒரு தடவை, குதிகாலில் ஒரு தடவை ஃபோகஸ் செய்து முதல் புள்ளி, கடைசிப் புள்ளி என்று கேமராவிடம் சொல்லிவிட்டால் இடையில் எத்தனை படம் என்று ஜிஎஃப்எக்ஸ் தானே கணக்கிட்டு எடுத்துத் தள்ளும். ஒரு ஷூவுக்கு முப்பது படம் வரை போகும். பிறகு ஹெலிகான் மாதிரி ஒரு மென்பொருளில் அடுக்கிக்கொள்ளலாம். இதற்கு 120 மேக்ரோ நல்ல துணை. லீனியர் மோட்டார் என்பதால் ஒவ்வொரு சின்ன நகர்வும் ஒரே சீராக இருக்கும்.

நாளைக்கு நூறு ஜோடி எடுக்க வேண்டும், அடுக்க நேரமில்லை என்றால் 110 மி.மீ. டில்ட் ஷிஃப்ட் மேக்ரோ இருக்கிறது. 2023இல் வந்தது. 10 டிகிரி வரை லென்ஸைச் சாய்க்கலாம், ஃபோகஸ் தளமே ஷூவின் பக்கவாட்டோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும், ஒரே படத்தில் வேலை முடிந்துவிடும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால்தான். ஆட்டோஃபோகஸ் பற்றிக் கேட்ட உங்களுக்குக் கையால் திருகும் லென்ஸைப் பரிந்துரைப்பது விசித்திரம்தான், ஆனால் கேட்டலாக் வேலைக்கு இதுவரை வந்ததில் உருப்படியான முன்னேற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

பேட்டன்ட் லெதர், அதுதான் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தோல், அதை எடுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஃபோகஸ் புள்ளியை ஷூவின் மூக்கில் வைத்தால் பச்சை விளக்கு எரியும், கேமரா சந்தோஷமாக டிக் என்று சத்தம் கொடுக்கும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தோல் மங்கல், தோலில் தெரியும் சாஃப்ட்பாக்ஸின் (ஸ்டுடியோ விளக்கின் துணிப் பெட்டி) ஓரம் மட்டும் கத்தி மாதிரி. காரணம், பிரதிபலிப்பின் பிம்பம் தோலின் பரப்பில் இல்லை, அதற்கு உள்ளே வேறு ஆழத்தில் இருக்கிறது. கேமராவுக்கு அதுதான் அந்த இடத்திலேயே கான்ட்ராஸ்ட் மிகுந்த பொருள், அதைப் பிடிக்கிறது. புள்ளியைத் தையல் இழையிலோ லேஸ் போகும் கண்ணியிலோ வையுங்கள். அதுவும் இல்லாத மாடலென்றால் அதே இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, ஃபோகஸ் பிடித்து, பூட்டிவிட்டு, பிரித்துவிடுங்கள். கறுப்புத் தோலுக்கு, ஸ்டுடியோ ஃபிளாஷில் அணையாமல் எரியும் மாடலிங் விளக்கை முழுசாக ஏற்றிவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள். ஸ்வேட் எனும் பளபளப்பில்லாத சொரசொரப்புத் தோலில் இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை.

கல்யாணத்துக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? ரிசப்ஷனில் ஜோடியை நிறுத்தி எடுக்கும் படத்துக்கும், வெளியில் போய் எடுக்கும் போட்டோஷூட்டுக்கும் 100எஸ் இரண்டாம் பதிப்பு ஜோராக வேலை செய்யும். மாப்பிள்ளை அழைப்பில் நடந்து வருவதை 100-200 லென்ஸில் பின்தொடரவும் செய்யும். சிக்கல் அந்தத் தாலி கட்டும் அரை நிமிஷத்தில். கெட்டி மேளம் கொட்டியதும் நாலாபக்கமிருந்தும் அட்சதை பறக்கும், ஓமப் புகை கான்ட்ராஸ்டைக் குறைக்கும், பெண்ணின் தலையைச் சுற்றி நாலு கை குறுக்கே வரும். வேகமான ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் சென்சாரை வினாடிக்கு எத்தனையோ தடவை படித்து, நடுவில் ஓர் அரிசி மணி வந்தாலும் அடுத்த படிப்பில் முகத்துக்குத் திரும்பிவிடும். மீடியம் ஃபார்மட் சென்சார் பெரிது, பிக்சல் அதிகம், ஒரு தடவை படித்து முடிப்பதற்கே அதிக நேரம் எடுக்கும். 100 இரண்டாம் பதிப்பில் படிக்கும் வேகத்தை முந்தையதைவிட இரண்டு மடங்கு வரை கூட்டியிருப்பதாக ஃபியூஜி சொல்கிறது, அந்த வேக சென்சார் 100எஸ் இரண்டாம் பதிப்பில் இல்லை. கூட்டியும்கூட, சீக்கிரம் படிப்பதற்காக அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்டாக்டு சென்சார் வைத்த ஃபுல் ஃப்ரேமோடு ஓட முடியாது. தவறவிட்டால் திரும்ப எடுக்க முடியாத ஒரே படம் அது. இருக்கும் கேமராவிலேயே எடுங்கள்.

மேடையில் எல்இடி வால் இருந்தால் சைலன்ட் ஷட்டரை, அதாவது சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை, மறந்துவிடுங்கள். மெதுவாகப் படிக்கும் சென்சாரில் திரை முழுக்கப் பட்டை பட்டையாக விழும், பிறகு எந்த எடிட்டராலும் எடுக்க முடியாது. மெக்கானிக்கல் ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

கோயில் சிற்பம், மண்டபம் எடுக்கும் ஆசை இருந்தால் அது தனி லாபம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களுக்கு நடுவே வெளிச்சம் கம்மி, கல்லும் ஒரே சாம்பல் நிறம். பழைய கேமராக்கள் அங்கே தேடிக்கொண்டே இருக்கும். இப்போதைய ஃபேஸ் டிடெக்‌ஷன், தூணின் செங்குத்து விளிம்பைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், ட்ரைபாட் வைக்க அனுமதி வாங்க வேண்டும். 100எஸ் இரண்டாம் பதிப்பில் கை நடுக்கத்தைச் சென்சார் ஈடுகட்டும் அளவு 8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு) என்கிறது ஃபியூஜி, கையில் பிடித்தே மெதுவான ஷட்டரில் எடுக்கலாம். எட்டு முழுசாகக் கிடைக்கும் என்று கணக்குப் பண்ணாதீர்கள், மூச்சைப் பிடித்து நின்றால் பாதி நிச்சயம்.

எனவே உங்கள் நிலையில் நானாக இருந்தால் 100எஸ் இரண்டாம் பதிப்பு அல்லது செகண்ட் ஹேண்டில் நல்ல 100எஸ், கூடவே 120 மேக்ரோ. இரண்டோடு தொடங்குவேன். கேட்டலாக் வேலை பெருகினால் டில்ட் ஷிஃப்ட், போர்ட்ரெய்ட் பெருகினால் 110. வெயிலில் ஃபிளாஷ் வைத்து எடுப்பதுதான் உங்கள் பிழைப்பு என்றால் மட்டும் ஹாசல்பிளாட் எக்ஸ்2டி இரண்டாம் பதிப்பும் 90 'வி'யும். 50 மெகாபிக்சல் பழைய பாடியை மலிவு என்று வாங்குவதாக இருந்தால் ஷூவுக்கு மட்டும் என்று தீர்மானித்து வாங்குங்கள், அங்கே கான்ட்ராஸ்ட் முறையே போதும்.

வாங்குவதற்கு முன் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகைக்கு எடுத்து உங்கள் ஸ்டுடியோவிலேயே சோதித்துப் பாருங்கள். கடை வாசலில் நின்று எடுத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. உங்கள் விளக்கு, உங்களிடம் வரும் ஷூ, உங்கள் மேஜை. ஒரே பொருளை லென்ஸ் முழுசாகத் திறந்து பத்துப் பதினைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள், ஒன்று மட்டும் கூர்மையாக வந்தால் போதாது. அப்புறம் செய்தித்தாளைச் சுவரில் சமமாக ஒட்டி எஃப் 4இல் எடுத்து நாலு மூலையையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால், பேப்பர் சமமாகத்தான் ஒட்டியிருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, அந்த லென்ஸை மாற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கும், எந்த ஃபர்ம்வேரும் அதைச் சரி செய்யாது. கம்ப்யூட்டரில் ரேம் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா பதியும் ஒரு ரா (சுருக்காத மூல) ஃபைலே நூறு எம்பிக்கு மேல் போகும், முப்பதை ஒன்றாக அடுக்கும்போது 16 ஜிபி மெஷின் திணறிவிடும்.